கிணறும் குழியும்



வீரமுனையும் சம்மாந்துறையும் வயல் சூழ்ந்த ஊர்கள். கிழக்கே காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை ஆகியவை கடலோர மணலில் அமைந்தவை. இப்பகுதியில் அதிகம் தோண்டாமலே கிணற்றில் தண்ணீர் ஊறிவிடும். இயற்கை தந்த இக்கொடையைக் காப்பது பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

வீட்டுக்கொரு மலசலகூடம் கட்டிவிட்டால் சுகாதாரம் நிறைவேறிவிட்டது என்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். திறந்த வெளியை நாடுவதைவிட அது எவ்வளவோ மேல். கொழுக்கிப்புழு பரவுவதை அது தடுக்கிறது. ஆனால் குழியின் கழிவுநீர் மண்ணிற் கசிந்துகொண்டே இருக்கும். உலர்ந்த மண்ணினூடே மெல்ல இறங்கும்போது கிருமிகளிற் பெரும்பகுதி வடிகட்டப்படும். மாரி மழையில் நிலத்தடி நீர் உயர்ந்து குழியின் அடியைத் தொட்டுவிட்டாலோ, அவ்வடிகட்டலுக்கு இடமில்லை. குழியும் கிணறும் ஒரே நீரில் நிற்கின்றன. நெருப்புக்காய்ச்சலும் வயிற்றோட்டமும் செங்கண்மாரியும் இவ்வழியே வீட்டுக்குள் வருகின்றன.

1854இல் இலண்டன் நகரின் புரோட் வீதியில் வாந்திபேதி கண்டு 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வீதியின் குடிநீர்க் கிணறே காரணம் என்று மருத்துவர் ஜோன் சினோ எடுத்துக்காட்டினார். பின்னர் தோண்டிப் பார்த்தபோது, ஒரு வீட்டின் மலக்குழி அக்கிணற்றிலிருந்து மூன்று அடிக்கும் குறைவான தூரத்தில் கசிந்துகொண்டிருந்தது. அத்தண்ணீரைப் பலர் விரும்பிக் குடித்தார்கள் என்பதே இதில் அச்சந் தருவது. 2004 ஆழிப்பேரலையின்போது நம் கரையோரக் கிணறுகள் கெட்டதை உப்புச் சுவை காட்டிக்கொடுத்தது. மலக்கிருமிக்கோ சுவையும் இல்லை, நிறமும் இல்லை.

குழிக்கும் கிணற்றுக்கும் இடையே 50 அடியாவது வேண்டும் என்பது பொதுவான விதி. நம் பகுதியில் அது எளிதன்று. மணமாகும் பெண்பிள்ளைக்கு வீடு வளவு கொடுப்பது இங்கு தமிழர், முஸ்லிம்கள் இரு சாராருக்கும் உரிய வழக்கம். மூன்று பெண்கள் இருந்தால் வளவு மூன்றாகிறது, குழியும் மூன்றாகிறது. தம் கிணற்றுக்குத் தூரமாக மூலையில் வெட்டிய குழி, அயலவர் கிணற்றுக்கு அருகில் அமைந்துவிடுகிறது. வேலி நிலத்தின் மேலேதான். கீழே ஓடும் தண்ணீருக்கு வேலி இல்லை.

ஆகவே குழி வெட்டுமுன் அயலவரின் கிணறு எங்கே என்று பாருங்கள். மாரிகால நீர்மட்டத்துக்கு மேலே குழியின் அடி நிற்கட்டும். இடம் போதாதெனில், இரண்டு மூன்று வீட்டார் கூடிக் கசிவற்ற தொட்டி ஒன்றைக் கட்டி, நிரம்புமுன் வெளியேற்ற ஏற்பாடு செய்யலாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனையையும் கேளுங்கள். குழாய்நீர் வந்த வீடுகளிலும் கிணற்று நீரைக் குடிப்போர் அதைக் கொதிக்கவைத்தே குடிக்கவேண்டும்.

மகளுக்கு உறுதி எழுதும் நாளில் எல்லைக் கல்லை மட்டும் அளக்காதீர்கள். கிணற்றுக்கும் குழிக்கும் உள்ள தூரத்தையும் அளந்து கொடுங்கள். பேரப்பிள்ளைகள் குடிக்கப்போவது அந்தத் தண்ணீரைத்தான்.