மலைக்கு வழி கேட்டல்



விடுமுறை வந்துவிட்டால் மலைநாட்டுக்குப் போகவேண்டும் என்ற ஆசை நம் பிள்ளைகளுக்குப் பிறந்துவிடுகிறது. நீர்வீழ்ச்சியில் நனைவது, ஓர் உச்சியில் ஏறி நிற்பது, குளிரில் நடுங்கிக்கொண்டு நாலு படம் எடுப்பது. திரும்பி வந்தபின், "என்ன கண்டீர்கள்?" என்று கேட்டால், "நல்ல வடிவு, சேர்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். மலைக்குப் போய் வந்தவன் என்ன சொல்லவேண்டும்? இந்தக் கேள்விக்கு நம் இலக்கியத்தில் ஒரு விடை உண்டு. அதைச் சொல்லவே இன்று வந்திருக்கிறேன்.

பத்துப்பாட்டில் இறுதியாக நிற்பது மலைபடுகடாம். பெருங்கௌசிகனார் பாடிய 583 அடிகள். நன்னன் என்னும் மன்னனிடம் பரிசில் பெற்று வருகின்ற கூத்தர் தலைவன், எதிரே வருகின்ற கூத்தர்க்கு மலைவழியைச் சொல்லி அனுப்புவதே பாட்டு. கூத்தராற்றுப்படை என்றும் அதற்குப் பெயர். பரீட்சைக்குப் படிப்பவர்கள் பெயரையும் அடித்தொகையையும் மனனம் செய்துகொள்வார்கள். ஆனால் இது ஒரு மாந்தன் இன்னொரு மாந்தனுக்குச் சொன்ன வழி என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

அவன் என்ன சொல்கிறான்? காட்டுப்பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், விடிந்தபின் நடவுங்கள் என்கிறான். குழிகளில் பாம்பு மறைந்திருக்கும் என்கிறான். தினைப்புனம் காப்போர் யானையை விரட்டக் கவண்கல் எறிவார்கள், மரங்களின் மறைவிலே செல்லுங்கள் என்கிறான். பாசி படர்ந்த இடத்தில் கால் வழுக்கும், சிறுமூங்கிலைப் பற்றிக்கொள்ளுங்கள் என்கிறான். அந்த மலையிலே எழும் ஓசைகளையும் அடுக்கிச் சொல்கிறான். அருவியின் ஒலியோடு, தினை குற்றும் பெண்களின் பாட்டும் கேட்கிறது. புலி பாய்ந்து புண்பட்ட கணவனின் நோவு தணிய மனைவி பாடும் பாட்டும் கேட்கிறது. மலையின் அழகும் அங்கே வாழ்பவரின் துயரும் ஒரே செவியில் விழுகின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் உயர்தர வகுப்பு மாணவர் சிலரோடு அப்புத்தளைக்குப் போயிருந்தேன். கொழும்பிலிருந்து பதுளைப் புகையிரதம். 6,226 அடி உயரத்திலுள்ள பட்டிப்பொலையைத் தாண்டிச் சுரங்கத்துள் நுழைந்து வெளியே வந்தால் வேறொரு நாடு விரிகிறது. அப்புத்தளை ஒரு மலைமுதுகில் அமர்ந்திருக்கும் சிறு பட்டினம். இரு புறமும் பள்ளம். நண்பகலிலேயே முகில் கடைவீதியைக் கடந்துபோகும்.

மறுநாள் காலை பஸ்ஸில் தம்பேதென்ன சென்றோம். தோமஸ் லிப்டன் இலங்கை வந்து தோட்டங்களை வாங்கியது 1890இல். அதற்கு முந்திய ஆண்டில்தான் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை அச்சேற்றினார். தொழிற்சாலையிலிருந்து லிப்டன் இருக்கை என்னும் உச்சிக்கு ஏறத்தாழ ஏழு கிலோமீற்றர். நடந்தே ஏறுவதென்று புறப்பட்டோம்.

வழியில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை, படத்துக்காகச் சற்று நிற்கும்படி ஒரு மாணவன் கேட்டான். "படம் புடிங்க தம்பி, நிக்க மட்டும் சொல்லாதீங்க. கிலோ கொறஞ்சா அரைப் பேராயிரும்" என்றார் அந்த அம்மா. பேர் என்பது ஒரு நாட் சம்பளக் கணக்கு. குறித்த நிறைக்குக் கொழுந்து சேராவிட்டால் பாதிதான் எழுதப்படும். மாணவன் கமராவைத் தாழ்த்திவிட்டான்.

அதன்பின் எங்கள் அவசரபுத்தி வேலை செய்தது. தார்வீதியை விட்டுக் குறுக்குப் பாதையில் ஏறினோம். பாதி வழியில் முகில் இறங்கிவிட்டது. பத்தடிக்கு அப்பால் தேயிலைச் செடி தெரியவில்லை. ஏறிய பாதை எது, நீர் வடியும் கான் எது என்று புரியவில்லை. பிள்ளைகள் விளையாட்டை நிறுத்திவிட்டார்கள். அவர்களைக் கூட்டி வந்தவன் நான். பெற்றோர் என்னை நம்பி அனுப்பிய பிள்ளைகள். என் நெஞ்சு அடித்துக்கொண்டது உண்மை.

மலைபடுகடாத்தில் இதற்கும் வழி இருக்கிறது. குறவர்களே திகைக்கும் இடத்தில் சிக்கினால் அலையவேண்டாம், அகன்ற பாறையில் கூடியிருந்து உங்கள் கருவிகளை இசையுங்கள், புனங்காக்கும் கானவர் கேட்டு, வெள்ளத்தில் வீழ்ந்தோரை மீட்க ஓடுவோர்போல விரைந்து வருவார்கள், பழம் தந்து முன்னே நடந்து வழிகாட்டுவார்கள் என்கிறது. எங்களிடம் கருவி ஏது? ஒரு பாறையில் பிள்ளைகளை இருத்தி, உரத்துப் பாடச் சொன்னேன். நடுங்கும் குரலில் பாடினார்கள்.

கால்மணி நேரத்தில், தலைமேல் சாக்கை மடித்துப் போட்டபடி ஒரு முதியவர் முகிலுக்குள்ளிருந்து வந்தார். "சத்தம் கேட்டுச்சுங்க. பாடுறாங்களா, கூப்புடுறாங்களான்னு தெரியல. அதான் வந்தேன். பனி மூடுனா இந்த எடத்துல எங்களுக்கே தெச தெரியாதுங்க" என்றார். எனக்கு மெய் சிலிர்த்தது.

அவர் முன்னே நடக்க, உச்சியை அடைந்தோம். முகில் விலகித் தெற்கே சரிவுகளும் சமவெளியும் திறந்தன. பிள்ளைகள் ஆரவாரித்தார்கள். முதியவர் கீழே ஒரு திசையைக் காட்டினார். "அந்தப் பக்கந்தான் கொஸ்லந்த, மீரியபெத்த." 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மலை சரிந்து லயன் வீடுகளை மூடிய தோட்டம். "கன மழ பேஞ்சா இப்பவும் ராத்திரி தூங்கமாட்டோங்க" என்றார். "அப்ப எங்கே போவீங்கள் ஐயா?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். "எங்கம்மா போறது? விடிஞ்சா பெரட்டுக்குப் போகணுமே" என்றார். கொடுத்த பணத்தை அவர் வாங்கவில்லை.

நேயர்களே, மலையைப் பார்க்கப் போவது தவறன்று. ஏறுங்கள், நனையுங்கள், களியுங்கள். ஆனால் நாம் வீரம் என்று ஏறும் பாதை, ஒருவர் நாள்தோறும் பாரம் சுமந்து இறங்கும் பாதை. நாம் காட்சி என்று வியக்கும் சரிவு, ஒருவர் மழை இரவில் அஞ்சிக் கிடக்கும் கூரைக்கு மேல் நிற்கும் சரிவு. பழைய கூத்தன் இதை அறிந்திருந்தான். மலையைச் சொல்லும்போதெல்லாம் அங்கே வாழ்பவரையும் சேர்த்தே சொன்னான். நம் காலத்திலும், சி. வி. வேலுப்பிள்ளை மலையக மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தது, அந்த மலையின் ஓசையைக் கேட்கும் செவி அவருக்கு இருந்ததனாலேயே.

ஊர் திரும்பியபின், அப்புத்தளைக்குப் போகவிருக்கும் ஒருவருக்கு வழி சொல்லி எழுதுங்கள் என்று மாணவரிடம் கேட்டேன். கமராவைத் தாழ்த்திய அந்த மாணவன் உச்சியைப் பற்றி இரண்டு வரிதான் எழுதியிருந்தான். அதற்குமுன் இப்படி எழுதியிருந்தான்: குறுக்குப் பாதையில் ஏறவேண்டாம். கொழுந்து பறிப்பவரை நிறுத்தவேண்டாம். வழி தப்பினால் பாடுங்கள், ஒருவர் வருவார். அவரிடம் மழையைப் பற்றிக் கேளுங்கள்.

அந்த ஆற்றுப்படைக்கு நான் முழுப்புள்ளியும் கொடுத்தேன்.