மறுப்பைக் கேட்கும் ஆண்மை



காதற் புதினத் தலைவன் செல்வன், செருக்கன், எவர்க்கும் பணியாதவன் என்பர். ஜேன் ஆஸ்டினின் 'பெருமையும் தப்பெண்ணமும்' (1813) தந்த டார்சி அத்தகையவனே. ஆண்டு வருவாய் 10,000 பவுன். எனினும் அவனை நிலைநிறுத்தியது அதுவன்று.

எலிசபெத்தை முதன்முறை மணம் வேண்டும்போது, அவள் குடும்பத்தின் தாழ்வையும் சேர்த்தே பேசுகிறான். மறுக்கமாட்டாள் என்றும் நம்புகிறான். அவளோ மறுக்கிறாள். அவன் அச்சுறுத்தவில்லை. மறுநாள் அவள் சாட்டிய குற்றங்களுக்கு மடலொன்றில் விடை தந்து விலகுகிறான். பின்னர் அவள் தங்கை லிடியா விக்கமுடன் ஓடிப்போனபோது, தன் பொருளைக் கொடுத்துத் திருமணம் முடிக்கிறான். தன் பெயர் வெளிவராமல் மறைக்கிறான். இரண்டாம் முறை கேட்கையில், அவள் மனம் மாறவில்லையெனில் இனி இதுபற்றிப் பேசுவதில்லை என்கிறான்.

எமிலி பிராண்ட்டேயின் 'வூதரிங் ஹைட்ஸ்' (1847) காட்டும் ஹீத்கிளிஃப் இதற்கு மறுதலை. அவன் காதலும் ஆழமானதே. ஆனால் கேத்தரின் வேறொருவனை மணந்ததைப் பொறாத அக்காதல் பழியாகத் திரிகிறது. தந்தை சாகக் கிடக்கையில் வீடு திரும்பத் துடிக்கும் அவள் மகளை அடைத்துவைத்துத் தன் மகனுக்கு மணமுடிக்கிறான்.

வலிமை இருவர்க்கும் உண்டு. மறுப்பைக் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொண்டவன் ஒருவனே. ஆகவே, தலைவனின் தோள்வலியைப் பாடுமுன், தலைவி மறுப்பதற்கு அப்படைப்பில் இடமுண்டா என எழுதுவோர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவள் மறுக்க இயலாத இடத்தில் அவளது இசைவுக்கும் பொருளில்லை.