ஒப்பந்தப்புள்ளியும் ஒரு ரூபாயும்

கவிதை வாசிக்கக் கூப்பிட்டீர்கள். நான் டெண்டரைப் பற்றிப் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வங்கியில் குமாஸ்தா வேலை எனக்கு. ஒப்பந்தக்காரர்களின் வங்கி உத்தரவாதம் என் மேசை வழியாகத்தான் போகும். 2020 ஊரடங்கில் கட்டட வேலைகள் நின்றுபோன பிறகு, கட்டடம் கட்டியவர்களும் துப்புரவு டெண்டருக்கு வந்தார்கள். ஒருத்தர் சொன்னார்: "லாபமே வேணாம் சார். வண்டித் தவணை ஓடணும். மதிப்பீட்டுல நூத்துக்கு இருபத்தஞ்சு குறைச்சுப் போட்டிருக்கேன்." இன்னொருத்தர் முப்பது குறைத்திருந்தார். வேலை அவருக்குப் போனது.

அந்த முப்பது எங்கிருந்து வரும்? டீசல் விலை குறையுமா? வங்கி வட்டியை விடுமா? விடாது, கணக்கெழுதுகிறவன் சொல்கிறேன். துப்புரவில் பெருஞ்செலவே கூலிதான். ஆகவே கூலி குறையும், பி.எஃப். போகும், கையுறை போகும், பத்துப்பேர் வேலையை ஏழுபேர் செய்வார்கள். அந்த ஏழுபேர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஒப்பந்தக்காரரின் கஷ்டம் பொய்யில்லை. குறைந்த விலைக்கே வேலை என்ற 1998 தமிழ்நாடு டெண்டர் சட்டமும் வெளிப்படைத்தன்மைக்காக வந்ததுதான். ஆனால் சிமெண்ட் விலையோடு சேர்த்துக் கூலியையும் ஏலத்துக்கு விடலாமா?

1982இல் தில்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத்தில் குறைந்தபட்சக் கூலி நாளைக்கு ரூ.9.25. ஆள்பிடித்து வந்த ஜமாதார்கள் அதில் ஒரு ரூபாயை எடுத்துக்கொண்டார்கள். ஒரே ஒரு ரூபாய்! அந்த ஆண்டே உச்ச நீதிமன்றம் சொன்னது: குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வாங்கும் உழைப்பு, அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவு தடுக்கிற கட்டாய உழைப்பு. பசியும் ஒரு கட்டாயம்தான். ஒப்பந்தக்காரரைக் கைகாட்டி அரசு தப்பிக்க முடியாது.

அப்படியானால் நம் வேலை என்ன? ஆட்களின் எண்ணிக்கையைக் குறைந்தபட்சக் கூலியாலும் நாட்களாலும் பெருக்குங்கள், பி.எஃப்., இ.எஸ்.ஐ. சேருங்கள். ஒப்பந்தத் தொகை அதற்கும் கீழே இருந்தால், கையெழுத்துப் போட்ட அன்றே கூலித்திருட்டு ஆரம்பித்துவிட்டது. ஒப்பந்த நகல், வருகைப்பதிவு, பி.எஃப். செலுத்திய ரசீது மூன்றையும் 2005 தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மாணவத் தோழர்களே, இது நீங்கள் செய்யக்கூடிய வேலை.

வேலை கெட்டால் அலுவலகத்துக்கு வங்கி உத்தரவாதம் இருக்கிறது. கூலி கெட்டால்? நான் தட்டச்சு செய்த எந்த உத்தரவாதத்திலும், விடியுமுன் துடைப்பத்தோடு இறங்குகிற அந்தப் பெண்களின் பெயர் இருந்ததில்லை.