வேலிக்கு அப்பால் சிவிங்கிப்புலி

 

சிவிங்கிப்புலியின் வாழிடத்தையும் இன்றைய நிலையையும் ஆராய இங்கே கூடியிருக்கிறோம். தலைமைப் பொறுப்பை எனக்கு அளித்த அமைப்பாளர்களுக்கு நன்றி. தலைமை உரையில் எல்லாவற்றையும் தொட்டுச் செல்வது வழக்கம். நான் ஒரே ஒரு கருத்தை முன்வைத்து, அதற்கான சான்றுகளைச் சொல்லி அமைகிறேன். சரணாலயங்களுக்குள் மட்டும் வைத்துச் சிவிங்கிப்புலியைக் காப்பாற்றிவிட முடியாது. ஆடு மாடு வளர்ப்போரின் நிலத்தில் அதற்கு இடம் இருந்தால்தான் அது பிழைக்கும்.

கணக்கிலிருந்து தொடங்குவோம். சாரா டுரான்ட் தலைமையிலான குழு 2016 இறுதியில் வெளியிட்ட ஆய்வின்படி, உலகில் எஞ்சியிருந்த சிவிங்கிப்புலிகள் ஏறத்தாழ 7,100. முன்பு அவை உலவிய நிலப்பரப்பில் 9 சதவீதமே மிஞ்சியிருக்கிறது. அந்த மிச்சத்திலும் 77 சதவீதம் பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்கு வெளியே கிடக்கிறது. ஜிம்பாப்வேயில் 16 ஆண்டுகளில் 1,200 ஆக இருந்த எண்ணிக்கை 170 அளவுக்குச் சரிந்ததையும் அதே ஆய்வு பதிவு செய்தது. நில உடைமை பெரிய அளவில் மாறிய காலம் அது. நிலத்தின் விதி மாறும்போது விலங்கின் விதியும் மாறுகிறது என்பதற்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் இந்த விலங்கு இன்னும் ‘அழிவாய்ப்பு இனம்’ என்ற நிலையிலேயே இருக்கிறது. அதை ‘அருகிய இனம்’ ஆக்க வேண்டும் என்று அந்த ஆய்வாளர்கள் கேட்டார்கள். அந்தக் கோரிக்கையோடு நான் முழுமையாக உடன்படுகிறேன்.

பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் அடங்காமல் இந்த விலங்கு ஏன் இவ்வளவு இடம் கேட்கிறது? விடை அதன் உடலமைப்பில் இருக்கிறது. வேகத்துக்காக மெலிந்த உடல் சண்டைக்கு உதவாது. சிங்கமோ கழுதைப்புலியோ வந்தால், அடித்த இரையைப் போட்டுவிட்டு அது விலகிப் போகிறது. செரெங்கெட்டி சமவெளியில் கேரன் லாரன்சன் நடத்திய ஆய்வில், பிறந்த குட்டிகளில் 5 சதவீதம் அளவே தாயைப் பிரிந்து தனித்து வாழும் பருவத்தை எட்டின. மற்றவற்றில் பெரும்பகுதியைக் கொன்றவை சிங்கங்கள். ஆகவே பெரிய ஊனுண்ணிகள் செழித்திருக்கும் பூங்காக்களில்கூடச் சிவிங்கிப்புலி அடர்ந்து பெருகுவதில்லை. ஒதுங்கி, பரவி, நெடுந்தொலைவு அலைந்து வாழ்வதுதான் அதன் இயல்பு. எல்லைக்கற்களை அது எப்படி அறியும்?

இதை நன்கு கற்றுக்கொண்ட நாடு நமீபியா. அங்கே சிவிங்கிப்புலிகளில் பெரும்பாலானவை தனியார் கால்நடைப் பண்ணைகளில் வாழ்கின்றன. சிங்கத்தையும் கழுதைப்புலியையும் பண்ணையாளர்கள் முன்பே ஒழித்துவிட்டதால் அந்த நிலம் அவற்றுக்குப் புகலிடமானது. ஆனால் கன்றுகளைக் கொல்கின்றன என்று 1980களில் ஆயிரக்கணக்கான சிவிங்கிப்புலிகள் சுடப்பட்டன, பொறிவைத்துப் பிடிக்கப்பட்டன. லாரி மார்க்கர் 1990இல் நிறுவிய சிவிங்கிப்புலிப் பாதுகாப்பு நிதியம், பண்ணையாளர்களின் வாசலுக்கே போய்ப் பேசியது. 1994 முதல் அனத்தோலிய இனக் காவல் நாய்களைக் குட்டியிலேயே ஆட்டுமந்தையோடு வளர்த்துக் கொடுத்தது. நாய் நிற்கும் மந்தையைச் சிவிங்கிப்புலி தவிர்த்தது. இழப்பு குறையக் குறைய, துப்பாக்கியை எடுக்க வேண்டிய தேவையும் குறைந்தது.

அடுத்த சான்று இன்னும் நுட்பமானது. பெர்லினில் உள்ள லைப்னிட்ஸ் விலங்கியல் பூங்கா மற்றும் காட்டுயிர் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த யோர்க் மெல்ட்சைமர் குழுவினர், நமீபியப் பண்ணைகளில் ஜி.பி.எஸ். கழுத்துப்பட்டை மாட்டிய சிவிங்கிப்புலிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்தார்கள். ஆண் சிவிங்கிப்புலிகள் சில குறிப்பிட்ட மரங்களில் மணமிட்டுச் செல்கின்றன. அக்கம்பக்கத்துச் சிவிங்கிப்புலிகள் எல்லாம் அந்த மரங்களை நாடி வருகின்றன. நாலு பேர் கூடிச் செய்தி பரிமாறும் ஊர்த் திண்ணை போன்றவை அந்த இடங்கள். எனவே கன்று இழப்பும் அங்கேதான் குவிந்தது. பண்ணையாளர்கள் செய்தது மிக எளிய காரியம்: கன்று ஈன்ற மாடுகளை அந்த இடத்திலிருந்து தள்ளி மேய்த்தார்கள். கன்று இழப்பு 86 சதவீதம் குறைந்தது. ஒரு சிவிங்கிப்புலியைக்கூடக் கொல்ல வேண்டியிருக்கவில்லை. 2020இல் வெளியான இந்த ஆய்வை இளம் ஆய்வாளர்கள் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். விலங்கின் நடத்தையைப் பொறுமையாகக் கவனித்தால், அதிலேயே உழவரின் சிக்கலுக்கும் விடை கிடைக்கும் என்பதற்கு அது சான்று.

ஈரான் வேறு பாடத்தைச் சொல்கிறது. ஆசியச் சிவிங்கிப்புலி எஞ்சியிருக்கும் ஒரே நாடு அது. 2022 ஜனவரியில் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் துறை அதிகாரி சொன்ன எண்ணிக்கை வெறும் 12. தூரான் போன்ற காப்பகங்களில் காவல் உண்டு. ஆனால் காப்பகத்தை ஒட்டிச் செல்லும் சாலையில் சிவிங்கிப்புலிகள் வாகனம் மோதிச் சாகின்றன, மேய்ப்பர்களின் நாய்களுக்கும் பலியாகின்றன. மான்களும் காட்டாடுகளும் குறைந்துவிட்ட வறள்நிலத்தில் இரை தேடி வெளியே வராமல் இருக்க முடியுமா? ஆப்பிரிக்கக் கொம்பு நாடுகளிலோ குட்டிகளைப் பிடித்து, ஏடன் வளைகுடா கடந்து வளைகுடா நாடுகளின் செல்வர்களுக்கு விற்கிறார்கள். அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகம் பற்றிய உடன்படிக்கையின் (சைட்டீஸ்) முதல் பட்டியலில் 1975 முதலே சிவிங்கிப்புலி இருந்தும் அந்தக் கடத்தல் நிற்கவில்லை. ஆடுகளை இழந்து வெறுப்புற்ற மேய்ப்பரிடமிருந்தும் அந்தக் குட்டிகள் தரகருக்குப் போகின்றன என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

இனி நம் நாடு. 1952இல் இந்தியாவில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்ட விலங்கு, 2022 செப்டம்பர் 17 அன்று நமீபியாவிலிருந்து எட்டாகவும், அடுத்த பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து பன்னிரண்டாகவும் மத்தியப் பிரதேசத்தின் குனோவுக்கு வந்தது. 2023இல் கழுத்துப்பட்டைக்கு அடியில் ஏற்பட்ட புண்ணாலும், கோடை வெப்பத்தாலும் நேர்ந்த சாவுகள் நம்மை வருத்தின. இங்கேயே குட்டிகள் பிறந்தது நம்பிக்கை தந்தது. ஆனால் என் கவலை நிலத்தைப் பற்றியது. குனோ தேசியப் பூங்காவின் பரப்பு 748 சதுர கிலோமீட்டர். நமீபியப் பண்ணை நிலத்தில் ஒரே விலங்கு சுற்றிவரும் பரப்பு சராசரியாக 1,500 சதுர கிலோமீட்டரைத் தாண்டும். குனோவில் விடப்பட்டவை ராஜஸ்தானின் பாரன், கரௌலி மாவட்டங்கள் வரை நடந்து போனதில் வியப்பே இல்லை. அவற்றை மயக்க ஊசி போட்டுத் திரும்பத் திரும்பப் பிடித்து வருவது தீர்வாகாது.

தீர்வு, பூங்காவைச் சுற்றியுள்ள புல்வெளிகளில் இருக்கிறது. அந்தப் புல்வெளிகள் நம் நில ஆவணங்களில் பெரும்பாலும் தரிசு என்றே பதிவாகியிருக்கின்றன. தரிசு என்று எழுதிய நிலத்தில் மரம் நடுகிறோம், தொழிற்பேட்டை கட்டுகிறோம், சூரிய ஒளித் தகடுகளைப் பரப்புகிறோம். அங்கே மேய்ந்துவந்த ஆட்டுக்கும் இடமில்லை, மானுக்கும் இடமில்லை. சிவிங்கிப்புலி வாழ வேண்டுமென்றால் முதலில் புல்வெளியைப் புல்வெளி என்று ஆவணத்தில் எழுத வேண்டும். அங்கே தலைமுறைகளாக மேய்க்கும் மக்களின் உரிமையை அதோடு சேர்த்து எழுத வேண்டும். ஆடு செத்தால் அலையவிடாமல் இழப்பீடு தர வேண்டும்.

ஆகவே இங்கே கட்டுரை படிக்கும் ஒவ்வொருவரிடமும் ஒரு வேண்டுகோள். மரபணுவைப் பற்றியோ நோயைப் பற்றியோ இரைவிலங்குக் கணக்கைப் பற்றியோ எதைச் சொன்னாலும் சரி, முடிவில் ஒரு கேள்விக்கு விடை தாருங்கள்: காப்பகத்துக்கு வெளியே ஆடு மாடு வைத்திருக்கும் ஒருவருக்கு உங்கள் ஆய்வு எப்படிப் பயன்படும்? அந்த விடைகளைத் தொகுத்து, நிறைவு அமர்வில் தீர்மானங்களாக்கி, வனத்துறைக்கு மட்டுமல்லாமல் வருவாய்த் துறைக்கும் கால்நடைத் துறைக்கும் அனுப்பிவைப்போம். அந்த உறுதியோடு இக்கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.