கணக்குக் கேட்ட வக்கீல்

(விருதுநகர்க் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் சாரம்)



இன்று வி. கிருஷ்ணசாமி அய்யரைப் பற்றிப் பேசுகிறோம் என்று நோட்டீசில் கண்டதும், "நமது மேடையில் அய்யர் புகழா?" என்று சில தோழர்கள் நம்மைக் கேட்டார்கள். கேட்டது நியாயமே. ஆனால் நாம் அவரைப் புகழவும் வரவில்லை, வையவும் வரவில்லை. ஒரு மனிதன் செய்த காரியங்களை வரவு ஒரு பக்கமும் பற்று ஒரு பக்கமும் எழுதிப் பார்க்கவே வந்திருக்கிறோம். வியாபாரிகளின் ஊராகிய விருதுநகருக்கு இந்த முறை புதிதல்லவே!

சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி என்ற வெள்ளைக்காரப் பாங்கு ஒன்று இருந்தது. ஏறக்குறைய நூறு வருஷத்துப் பெயர். பென்ஷன்காரரும் விதவையும் வியாபாரியும் அதில் பணத்தைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்கள். "உன்னிடம் கையிருப்பு எவ்வளவு, கடன் எவ்வளவு?" என்று எவரும் கேட்கவில்லை. துரை பொய் சொல்லுவாரா என்ற நம்பிக்கை! சாமி கண்ணைக் குத்தும் என்ற நம்பிக்கைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? 1906 அக்டோபர் 22-ந் தேதி அந்தக் கம்பெனி விழுந்தது. நம்பியவர்கள் தெருவில் நின்றார்கள். எந்தச் சாமியும் ஒரு காசு கொடுக்கவில்லை.

அப்போது பணம் போட்ட இந்தியர்களுக்காக வழக்காடியவர்தான் இந்தக் கிருஷ்ணசாமி அய்யர். 1863-ல் பிறந்து, திருவிடைமருதூரிலிருந்து சென்னைக்கு வந்து வக்கீலானவர்; காங்கிரசில் மிதவாதி. துரை என்று பயப்படாமல் கணக்கைக் கேட்டவர். முடிவில் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்கு மோசடிக் குற்றத்திற்காக 18 மாதக் கடுங்காவல் கிடைத்தது. சர் பட்டம் பெற்றவரும் கூண்டில் ஏறவேண்டியதாயிற்று.

அத்துடன் அவர் நின்றுவிடவில்லை. அழுதால் பணம் வருமா? நாமே ஒரு பாங்கு வைப்போம் என்று பலரைச் சேர்த்தார். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பணம் கொடுத்தார்கள். 1907 மார்ச்சில் இந்தியன் பாங்கு பதிவாகி, அவ்வருஷம் ஆகஸ்ட் 15-ல் வேலை தொடங்கியது. 1969-ல் சர்க்கார் பாங்கான அது இன்றும் நடக்கிறது. அவரோ 1909-ல் ஹைகோர்ட்டு ஜட்ஜியாகி, 1911-ல் கவர்னரின் நிர்வாக சபையில் மெம்பராகி, அந்த வருஷமே 48-வது வயதில் மாண்டார். இவ்வளவும் வரவு. இதை மறைப்பவன் யோக்கியனல்ல.

இனிப் பற்றுப் பக்கம். துரையின் பேரேட்டைத் திறக்கச் சொன்ன அவர், சாஸ்திரத்தின் பேரேட்டைத் திறக்கச் சொன்னாரா? கம்பெனி விழுந்த அதே 1906-ல்தான் அவர் சென்னையில் சமஸ்கிருதக் கல்லூரியை நிறுவினார். கமுதிக் கோயிலுக்குள் 1897-ல் நாடார்கள் நுழைந்ததற்காகத் தொடுத்த வழக்கு, லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908-ல் அவர்களுக்கு விரோதமாகவே முடிந்ததும் அந்தக் காலத்தில்தான். "வழக்கம்" என்ற ஒரு சொல்லே அங்கே சாட்சி! பணத்துக்குக் கணக்கு உண்டு, பிறப்புக்குக் கணக்கு இல்லை என்றால் அது எந்த ஊர் நியாயம்?

ஆனால், தோழர்களே, அய்யரைக் கேட்ட கேள்வியை நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். இந்த ஊரார் கோயில் கதவு திறக்கட்டும் என்று காத்திருக்கவில்லை. மகமை வைத்தார்கள், வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்தார்கள், பள்ளிக்கூடம் நடத்தினார்கள். 1921-ல் தூத்துக்குடியில் நாடார் பாங்கு பிறந்தது. இது லட்சுமி கடாட்சமா? இல்லை, சில்லறையைச் சேர்த்து ஒழுங்காக எழுதி வைத்த புத்தியின் பலன். ஆனாலும் அந்தப் பாங்கு ஜாதிப் பெயரை விட்டு, தமிழ்நாடு மெர்க்கன்டைல் பாங்கு ஆவதற்கு 1962 வரை ஆயிற்று. அதையும் பற்றில் எழுதத்தான் வேண்டும்.

இப்போது நம் சொந்தக் கணக்கு. பகுத்தறிவு பேசித் திரியும் நாமே ஒரு தீபாவளிச் சீட்டில் மூன்று வருஷம் பணம் கட்டினோம். நடத்தியவர் "பெரிய குடும்பம், பக்திமான்" என்றார்கள். நம்முடன் கட்டியவர்கள் பெரும்பாலும் பட்டாசு ஆபீசில் திரி ஏற்றியும், தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டியும் வாரக்கூலி வாங்கும் பெண்கள். ஒருநாளாவது புத்தகத்தைக் காட்டு என்று நாம் கேட்டோமா? கேட்கவில்லை. மூன்றாவது தீபாவளிக்கு அவர் வீடு பூட்டிக் கிடந்தது. அந்தப் பெண்களில் ஒருத்தி நம்மைப் பார்த்து, "அண்ணே, சாமியையே கேள்வி கேட்கிறீங்களே, அந்த ஆளை ஏன் கேட்கல?" என்றாள். நம்மிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை.

ஆகவே தாய்மார்களுக்குச் சொல்லுகிறோம்: பாங்கில் போட்ட பணத்திற்கு 2020 முதல் 5 லட்ச ரூபாய் வரை இன்ஷூரன்ஸ் உண்டு. பதிவில்லாத சீட்டுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. சீட்டுக் கட்டத்தான் வேண்டுமென்றால், பதிவுப் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். கட்டிய ஒவ்வொரு வாரத்துக்கும் ரசீது வாங்குங்கள். நெற்றியில் இருப்பதைப் பார்க்காதீர்கள், நோட்டில் இருப்பதைப் பாருங்கள்.

வெள்ளைத்தோல், பூணூல், பட்டம், பக்தி, ஜாதிப் பெருமை ஆகிய எதுவும் ரசீது ஆகாது. கிருஷ்ணசாமி அய்யர் துரையிடம் கேட்ட கேள்வியை எல்லோரிடமும் கேளுங்கள். கருப்புச் சட்டை போட்ட எங்களிடமும் கேளுங்கள் என்று சொல்லி முடித்துக்கொள்ளுகிறோம்.