மலைநாட்டு ஐதராஞ்சியாவும் எங்கள் சுண்ணாம்பு மண்ணும்

(மருதனார்மடத்தில் வீட்டுத்தோட்ட அன்பர்களுக்கு ஆற்றிய பேச்சின் வாசகம்)



சித்திரை விடுமுறையில் நுவரெலியாவுக்குச் சென்று மீள்வோரின் கைகளில் இரண்டு பொருள்களைக் காணலாம். ஒன்று கரட்டும் லீக்சும் நிறைந்த பை. மற்றையது நீலப் பந்துபோற் பூத்த ஐதராஞ்சியாச் சாடி. முதலாவது இரண்டொரு நாளிற் கறியாகி முடிந்துவிடும். இரண்டாவதோ முற்றத்தில் வைக்கப்பட்டு, சில வாரங்களில் இலை மஞ்சளித்து, அடுத்த ஆண்டு பூவாது நின்று, உடையவரின் மனத்தை வருத்துகின்றது. “இதற்கு என்ன பசளை இடலாம்?” என்று வினவுவோர் பலர். பசளையினால் மட்டும் தீரக்கூடிய குறை இதுவன்று. காரணத்தை அறிந்துகொண்டால் வீண் செலவும் வீண் கவலையும் குறையும்.

ஐதராஞ்சியாவின் தாயகம் யப்பான். குளிர்ந்த காற்றும், ஈரம் காயாத நிழலும், இலைமக்கு நிறைந்த அமில மண்ணும் அதற்கு உகந்தவை. ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலும், 1861ஆம் ஆண்டிற் கொயினா மரப் பயிர்ச்செய்கைக்கெனத் தொடங்கப்பெற்ற அக்கலைப் பூங்காவிலும் இவை யாவும் இயல்பாகவே அமைந்துள்ளன. நாம் பூவிதழ் என எண்ணுவது உண்மையில் இதழன்று. நிறம்பெற்ற புல்லியே அது. ஆதலினாலேயே பூங்கொத்து வாரக்கணக்கில் வாடாது நிற்கின்றது.

இனி எங்கள் மண்ணைப் பாருங்கள். வலிகாமத்துச் செம்மண்ணின் கீழே கிடப்பது சுண்ணக்கல். அயலூருக்குச் சுண்ணாகம் என்று பெயர் இருப்பதையும் எண்ணிக்கொள்ளலாம். கிணறு வெட்டிய வளவுகளில் வெண்கற்றுணுக்குகள் மண்ணோடு கலந்து கிடக்கும். அத்தகைய மண்ணில் ஒரு பிடியை எடுத்து, சிறிது வினாகிரியை ஊற்றுங்கள். நுரைத்தெழுந்தால் அங்கே சுண்ணாம்பு உண்டு. எங்கள் கிணற்று நீரும் அக்கல்லினூடாக ஊறி வருவதே. கேத்திலின் அடியிற் படியும் வெண்படை அதற்குச் சான்று.

சுண்ணாம்பு மிகுந்த மண் இரண்டு பொருள்களைப் பூட்டி வைக்கின்றது. ஒன்று இரும்பு. மண்ணிலே இரும்பு நிறைந்திருந்தாலும் வேர் அதனை உறிஞ்ச இயலாது. இளம் இலைகள் நரம்பு பச்சையாகவும் இடைவெளி மஞ்சளாகவும் மாறும். மற்றையது அலுமினியம். நீல நிறத்திற்கு அதுவே மூலம். அமில மண்ணில் நீலமாகப் பூக்கும் செடி, கார மண்ணில் இளஞ்சிவப்பாகப் பூப்பது இதனாலேயே. விற்றவர் வேறு செடியைத் தந்து ஏமாற்றிவிட்டார் என்று கோபிக்க வேண்டியதில்லை. வெள்ளைப் பூ இனங்கள் மாத்திரம் நிறம் மாறுவதில்லை.

இவற்றிலும் பெரிய தடை எங்கள் வெப்பம். இச்செடியின் பூமொட்டு உருவாவதற்குச் சில வாரங்கள் தொடர்ந்து ஏறத்தாழ 18 பாகைக்குக் குறைந்த குளிர் வேண்டும். மார்கழி, தை இரவுகளிற்கூட இங்கே 20 பாகைக்குக் கீழ் இறங்குவது அரிது. குளிர் நாடுகளில் இதனைத் தொழிலாக வளர்ப்போர் குளிரறைகளிலும் வைத்து மொட்டுப் பக்குவப்படுத்துகின்றனர். நமக்கு அது கட்டுப்படியாகாது. ஆகவே, மொட்டோடு வாங்கிய செடியை ஒரு பருவம் பார்த்து மகிழலாம். பின்னர் அது இலைச்செடியாக நிற்குமென்று தெரிந்தே வாங்குங்கள்.

அவ்வாறு வாங்கியதைக் காப்பாற்ற விரும்புவோர் நிலத்தில் நட வேண்டாம், சாடியில் வையுங்கள். மண்சாடியே நல்லது. சீமெந்துச் சாடியிலிருந்து சுண்ணாம்பு கசியும். நன்றாகக் கழுவி உப்பு நீக்கிய தும்புத்தூள் இரண்டு பங்கு, உக்கிய இலைக் கூட்டெரு இரண்டு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு எனக் கலக்கலாம். கடற்கரை மணலிற் சிப்பித் துகள் இருப்பதால் அது ஆகாது. அடுப்புச் சாம்பலையும் முட்டைக்கோதையும் பூங்கன்றுக்கு இடுவது எங்கள் வீடுகளில் வழக்கம்; கத்தரிக்கு இடுங்கள், இதற்கு மட்டும் இட வேண்டாம். காலை வெயில் மாத்திரம் படும் இடமே போதும்.

நீர்தான் முக்கியம். மாரியிற் கூரைநீரைப் பிளாத்திக்குப் பீப்பாயிற் சேமித்து, இறுக மூடி வைத்து ஊற்றுங்கள். இத்தனை செய்தும் கிணற்று நீரை ஊற்றினால், செய்த வேலை மெல்ல மெல்ல அழிந்துபோகும். நீல நிறம் வேண்டுவோர், மொட்டுத் தோன்றுமுன், நாலு லீற்றர் மழைநீரில் ஒரு மேசைக்கரண்டி அலுமினியம் சல்பேற்றுக் கரைத்து, ஈரமான மண்ணில் ஊற்றலாம். மிகுந்தால் வேர் கருகும். சாடியின் கீழ் வைக்கும் தட்டை வாரமொருமுறையேனும் கவிழ்த்துக் கழுவ வேண்டும். டெங்கு நுளம்பு வளர அத்தட்டு நீரே போதும்.

இனி, செடியைப் பகிர்ந்துகொள்வது பற்றிச் சொல்ல வேண்டும். பூங்கன்று வளர்ப்பில் இன்பம் பாதி அயலவருக்குக் கொடுப்பதில் இருக்கின்றது. மதிலுக்கு மேலால் ஒரு தடி கைமாறாத வீடு இங்கே உண்டோ? ஆயினும் எதைக் கொடுக்கின்றோம் என்பதிற் கவனம் வேண்டும். மலைநாட்டு மண்ணோடு சாடியைக் கொண்டுவந்து, அம்மண்ணைத் தோட்டத்திற் கொட்டுவதே பெரும் ஆபத்து. நுவரெலியாவின் உருளைக்கிழங்கு நிலங்களில் பற்றீரியா வாடல் நோயும், கிழங்குப் பயிரைத் தாக்கும் வட்டப்புழு வகைகளும் உள்ளன. வட்டப்புழுவின் முட்டையுறைகள் மண்ணிற் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கக்கூடியவை. வாடல் நோய் உருளைக்கிழங்கோடு நில்லாது. தக்காளி, கத்தரி, மிளகாய் ஆகியவற்றையும் பற்றும். மருதனார்மடச் சந்தைக்கு வரும் மரக்கறியில் இவற்றிற்குள்ள பங்கை உங்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஒரு பூச்சாடிக்காக ஒரு கமக்காரனின் போகத்தை இழக்கச் செய்தல் தகாது. வந்த மண்ணைத் தோட்டத்துக்குக் கொண்டுசெல்லாது, சாடியிலேயே வைத்திருங்கள். மாற்ற நேர்ந்தால் கொதிநீர் ஊற்றி ஆறவைத்து, பயிரில்லாத மூலையில் ஆழக் குழி தோண்டிப் புதையுங்கள்.

அயலவருக்கு மண்ணில்லாத தடியையே கொடுங்கள். பூவாத, முற்றாத கிளையில் நாலைந்து அங்குலத் தடியை ஒரு கணுவின் கீழே வெட்டி, அடியிலைகளைக் கிள்ளி, மேலிலைகளைப் பாதியாக நறுக்கி, ஈரமான மணலும் தும்புத்தூளும் கலந்த கலவையில் நிழலில் ஊன்றினால், மூன்று நாலு வாரத்தில் வேர்விடும். ஒவ்வொரு செடிக்கும் கத்தியைக் கொதிநீரிற் கழுவிக்கொள்ளுங்கள். மாவுப்பூச்சி ஒட்டிய தடியை எவருக்கும் கொடுக்க வேண்டாம். இன்னொன்று: இவ்விலை நஞ்சுள்ளது. வெட்டிய கொப்பை ஆட்டுக்குப் போடும் எங்கள் வழக்கம் இச்செடியிற் செல்லாது. தடி வாங்குபவருக்கும் இதனைச் சொல்லியே கொடுங்கள்.

பந்துபோன்ற பூங்கொத்தே வேண்டும் என்பவருக்கு, என் கருத்தில், எங்கள் வெட்சியே போதும். இலங்கையிற்றானே இயல்பாக வளரும் செடி; எங்கள் வெப்பம் அதற்கு உவப்பானது; பூசைக்கும் உதவும். சுண்ணாம்பு மிகுந்த இடத்தில் அதன் இலையும் மஞ்சளிக்கும். அப்போது மண்ணில் இரும்பு இடுவதாற் பயன் குறைவு. உடனே அதுவும் பூட்டுண்டுவிடும். ஒரு லீற்றர் நீருக்கு 5 கிராம் பெரசுச் சல்பேற்று வீதம் கரைத்து, மாலை வேளையில் இலையிற் றெளியுங்கள். இரண்டு வாரங்கழித்து மீண்டும் ஒருமுறை. நடும்போது குழியில் ஒரு கடகம் உக்கிய மாட்டெருவும் இலைமக்கும் இட்டால் இத்தெளிப்பின் தேவையே குறையும். ஐப்பசி மழை தொடங்கியதும் அரைமுற்றற் றடிகளை ஐந்தங்குல நீளத்திற் றறித்து நிழலில் ஊன்றுங்கள். வேர்கொள்ள ஒன்றரை, இரண்டு மாதம் செல்லும்; அதுவரை தடியைப் பிடுங்கிப் பார்க்க வேண்டாம்.