என்ஜினுக்கும் மூச்சு உண்டு



தோட்டத்து வீடுகளின் வாசலில் பெரும்பாலும் ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கும். பால்மரக் காட்டுக்குப் போக, பிள்ளையைப் பள்ளியில் விட, பட்டணத்தில் சாமான் வாங்க, எல்லாவற்றுக்கும் அதுதான் துணை. 1958-இல் ஜப்பானில் வெளிவந்த ஹோண்டா சூப்பர் கப் என்ற வண்டிதான் இவற்றுக்கு முன்னோடி. 'கப்' என்ற அந்தப் பெயரோடு, சிறியது எனப் பொருள்படும் சீனச் சொல் சேர்ந்து நம் நாட்டில் 'கப்சாய்' ஆயிற்று. அந்தக் கப்சாயின் என்ஜினில் ஒரு சிறு ரப்பர் குழாய் உண்டு. பட்டறையில் அதைப் 'பிரீதர்' என்பார்கள். நாம் மூச்சுக் குழாய் என்று வைத்துக்கொள்வோம். இன்றைய பேச்சு அதைப் பற்றியது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காலை நேரம். என் மாணவன் ஒருவனைப் பின்னால் உட்கார வைத்து அவன் தகப்பனார் பள்ளிக்கு வந்துகொண்டிருந்தார். பள்ளிக்கு முன்னால் உள்ள வளைவில் வண்டி சறுக்கி இருவரும் விழுந்தார்கள். மழை இல்லை, வேகமும் இல்லை. பையனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. நல்ல வேளையாக அதோடு போயிற்று. வண்டியைத் தூக்கி நிறுத்தியபோது பின் டயரின் ஓரம் பளபளவென்று இருந்தது. தொட்டுப் பார்த்தேன், எண்ணெய். வீட்டிலிருந்த இளைஞர் ஒருவர், வண்டி நன்றாகச் சத்தம் போட வேண்டும் என்று காற்று வடிகட்டிப் பெட்டியைக் கழற்றிவிட்டார். அதில் செருகியிருந்த மூச்சுக் குழாயை என்ன செய்வதென்று தெரியாமல் டயர்ப் பக்கம் தொங்க விட்டிருந்தார். சொட்டுச் சொட்டாக வடிந்த எண்ணெய்தான் அவர்களைச் சாய்த்தது.

இந்தக் குழாய் எதற்காக இருக்கிறது? சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பை நினைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியை அழுத்தினால் காற்று வெளியே தள்ளப்படுகிறது. என்ஜினுக்குள் பிஸ்டன் இறங்கும்போதும் அப்படித்தான். அதன் கீழே, கிராங்க் கேஸ் என்ற அடிப்பெட்டியில் உள்ள காற்று அழுத்தப்படுகிறது. 97 சி.சி. என்ஜின் என்றால், பிஸ்டன் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் 97 சி.சி. இடத்தை அடைக்கிறது. நிமிடத்துக்கு 6,000 சுற்று ஓடினால் இது விநாடிக்கு 100 முறை நடக்கிறது. இது போதாதென்று, மேலே எரியும் வாயுவில் சிறிதளவு பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே கசிகிறது. இந்த அழுத்தம் வெளியேறத்தான் மூச்சுக் குழாய்.

சோறு கொதிக்கும்போது பானை மூடியை அழுத்திப் பிடித்தால் என்ன ஆகும்? கஞ்சி எந்த இடுக்கு கிடைத்தாலும் பொங்கி வழியும். மூச்சுக் குழாயை ஆணியாலோ திருகாலோ அடைத்துவிட்டால் என்ஜினிலும் அதுவே நடக்கும். எண்ணெய் அடைப்பான்கள், அதாவது 'ஆயில் சீல்'கள், பிதுங்கிக் கசியும். கசிகிறதே என்று சீலை மாற்றுவோம். மறு மாதமே மீண்டும் கசியும். கூலிப் பணம் வீணாகும். காரணம் அப்படியே இருக்கும்.

பிஸ்டன் ஏறும்போது குழாய் வழியே காற்று உள்ளேயும் இழுக்கப்படலாம். குழாயின் நுனி தரைக்கு அருகில் தொங்கினால், மழைக்காலத்தில் தோட்டத்துச் சாலையில் தேங்கிய நீரைக் கடக்கும்போது தண்ணீரும் சேற்றும் என்ஜினுக்குள் போகக்கூடும். தண்ணீர் கலந்த எண்ணெய் பால் கலந்த தேநீர் போல வெளுத்துவிடும். அந்த எண்ணெயோடு ஓட்டினால் உள்ளே இருக்கும் பேரிங்குகள் தேயும்.

ஆகவே குழாய் முதலில் செருகியிருந்த வடிகட்டிப் பெட்டிக்கே திரும்பப் போவதுதான் சிறந்தது. அங்கே சென்ற புகை மீண்டும் என்ஜினுக்குள் போய் எரிந்துவிடுகிறது. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் புதிய கார்களுக்கு இத்தகைய ஏற்பாடு கட்டாயமாக்கப்பட்டதற்குக் காரணம், இந்தப் புகை ஊர்க் காற்றைக் கெடுத்ததுதான்.

சில பழைய வண்டிகளில் குழாய் முதலிலிருந்தே வெளியில் திறந்திருக்கும். அதையோ, வேறு காரணத்தால் மற்றதையோ வழி மாற்ற வேண்டியிருந்தால் நான்கு விஷயங்களை மறக்காதீர்கள். ஒன்று, குழாய் என்ஜினிலிருந்து மேல்நோக்கி ஏற வேண்டும். அப்போதுதான் ஆவியோடு வந்த எண்ணெய் திரும்பி உள்ளே வடியும். இரண்டு, நடுவில் தொய்வோ மடிப்போ கூடாது. தொய்வில் நீர் தேங்கி அடைத்துக்கொள்ளும். மூன்று, பழைய குழாயைவிடக் குறுகலானதைப் போடாதீர்கள். நான்கு, நுனி டயரையோ பிரேக்கையோ சூடான புகைபோக்கியையோ பார்த்து இருக்கக் கூடாது. எண்ணெய் பிடிக்க ஒரு சிறு போத்தல் கட்டினாலும், காற்றுப் போக அதற்கு வழி விடுங்கள். இறுக மூடினால் அடைத்ததற்குச் சமம்.

குழாயில் எண்ணெய் நிறைய வருகிறதா? குழாயைக் குறை சொல்வதற்கு முன் அளவுகோலைப் பாருங்கள். பல கப்சாய்களுக்கு எண்ணெய் மாற்றும்போது 0.7 முதல் 0.8 லிட்டர் போதும். மீதி வைக்க மனமில்லாமல் ஒரு லிட்டர் போத்தலை முழுவதும் ஊற்றிவிடுவது நம்மிடையே உள்ள பழக்கம். மிகுந்த எண்ணெய் மூச்சுக் குழாய் வழியாகத்தான் வெளியேறும். அளவு சரியாக இருந்தும் புகை தொடர்ந்து வந்தால், பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கலாம். அப்போது குழாயை எங்கே திருப்பினாலும் பயனில்லை. பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

வடிகட்டிப் பெட்டியின் அடியில் நுனி அடைத்த ஒரு சிறு குழாய் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதில் நீரும் எண்ணெயும் சேரும். அதை அவ்வப்போது கழற்றி வடித்துவிட்டு மீண்டும் பொருத்துங்கள். மழையில் அதிகம் ஓட்டுபவர்கள் இதை இன்னும் அடிக்கடி செய்ய வேண்டும்.

நம் நாட்டில் சாலை விபத்தில் உயிர் இழப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். சாலையில் மற்றவர் செய்யும் தவறு நம் கையில் இல்லை. நம் டயரில் எண்ணெய் படாமல் பார்த்துக்கொள்வது நம் கையில்தான் இருக்கிறது. தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை: வீட்டு இளைஞர் வண்டியில் எதையாவது கழற்றுவதைக் கண்டால், "தம்பி, இந்தக் குழாய் இப்போது எங்கே போகிறது?" என்று ஒரு முறை கேளுங்கள். அந்தத் தகப்பனார் இப்போது காலையில் வண்டியை எடுக்கும்முன் குனிந்து பின் டயரைத் தடவிப் பார்க்கிறார். பையன் பக்கத்தில் நின்று தானும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறான்.